எண்ணி விடப்படும் மீன்கள்

அலாஸ்காவின் தென்மேற்கில், பெரிங் கடலின் கிழக்கு முனையாக நிலத்துக்குள் நுழைந்திருக்கும் பிரிஸ்டல் விரிகுடாவில், ஆண்டுதோறும் ஜூன் பிற்பகுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரையிலான சில வாரங்களுக்குள், உலகிலேயே மிகப் பெரிய சாக்கை சால்மன் வலசை நடந்து முடிகிறது. சாக்கை என்பது பசிபிக் சால்மன் இனங்களுள் ஒன்று. கடலில் வெள்ளி நிறத்தோடு திரிந்து, ஆற்றில் ஏறியபின் உடல் செந்நிறமும் தலை பச்சை நிறமும் கொள்ளும் மீன். 2022-ஆம் ஆண்டில், பதிவான கணக்குகளிலேயே மிக அதிகமாக, ஏறத்தாழ 7 கோடியே 90 லட்சம் சாக்கை மீன்கள் இவ்விரிகுடாவை நோக்கித் திரும்பின. அவற்றுள் சுமார் 6 கோடி மீன்கள் மீனவர் வலைகளில் பிடிபட்ட பின்னரும், ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவை ஆறுகளில் ஏறித் தாம் பிறந்த நீர்நிலைகளை அடைந்தன.

அந்த ஆற்றங்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும், சாலைகளே எட்டாத இடங்களில், மரத்தாலான தூண்டில் விடுதிகள் சிதறிக் கிடக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டுமே திறந்திருக்கும் இவ்விடுதிகளுக்கு அமெரிக்காவின் பெருநகரங்களிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருவோர், ஒரு வாரத் தங்கலுக்குப் பல ஆயிரம் டாலர் செலுத்தி, பகல் முழுவதும் குளிர்ந்த நீரில் நின்று மீன் பிடிக்கிறார்கள். இந்த விடுமுறைக்கான கட்டணத்தில் விமானமும் படகும் வழிகாட்டியும் உணவும் கணக்கிடப்படுகின்றன. ஆனால் ஆற்றில் மீன் இருப்பதற்குக் காரணமான பொது ஒழுங்கு, அதாவது எத்தனை மீன்களைப் பிடிக்கலாம் என்பதற்கு முன்பாக எத்தனை மீன்களை விட்டுவைக்க வேண்டும் என்று கேட்கும் ஏற்பாடு, எந்த ரசீதிலும் இடம்பெறுவதில்லை. ஆளற்ற காடு என்று விளம்பரங்கள் வருணிக்கும் இந்நிலம் உண்மையில் ஆளற்றதும் அல்ல. இங்குள்ள வளம் யாரும் தொடாததால் எஞ்சியதும் அல்ல. அது எஞ்சியிருப்பது, தொடுவோரை அளவோடு நிறுத்தியதால்.

விமானம் உருவாக்கிய விடுதிகள்

அலாஸ்காவின் பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டைப் போல் 13 மடங்கு. மக்கள்தொகையோ ஏறத்தாழ ஏழரை லட்சத்துக்குள் அடங்குகிறது. மாநிலத்தின் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து தென்மேற்கே வான்வழியாகச் சுமார் 460 கிலோமீட்டர் தொலைவில் கிங் சால்மன் என்னும் மீனின் பெயரையே தாங்கிய சிற்றூர் உள்ளது. ஆங்கரேஜிலிருந்து அதற்குத் தரைவழிச் சாலை கிடையாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட விமானத்தளமே அதன் வாசல். அங்கிருந்து விடுதிகளுக்குச் செல்வோர் மிதவை விமானங்களில் ஏறுகிறார்கள். சக்கரங்களுக்குப் பதிலாக நீளமான இரண்டு மிதவைகள் பொருத்தப்பட்டு, ஏரியிலும் ஆற்றின் அகன்ற வளைவுகளிலும் இறங்கவும் எழவும் வல்ல சிறு விமானங்கள் இவை. கனடாவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் 1947-இல் முதன்முதலாகப் பறக்கவிட்ட பீவர் ரக விமானத்தின் உற்பத்தி 1967-இல் நின்றுவிட்டபோதிலும், குறுகிய நீர்ப்பரப்பிலிருந்து பாரத்தோடு எழும் ஆற்றலால் அது இன்றும் இப்பகுதியில் நம்பிக்கைக்குரிய வாகனமாக நீடிக்கிறது.

விடுதிகளின் வரலாறும் விமானத்தின் வரலாற்றோடு பிணைந்ததே. நார்தர்ன் கன்சாலிடேட்டட் ஏர்லைன்ஸ் என்ற நிறுவனத்தை நடத்திய ரே பீட்டர்சன், தம் விமானங்களுக்குப் பயணிகள் வேண்டும் என்ற வணிகத் தேவையிலிருந்து, 1950-இல் கட்மாய்ப் பகுதியின் ஏரிகளையும் ஆறுகளையும் ஒட்டி ஐந்து தூண்டில் முகாம்களை நிறுவினார். அவற்றுள் புரூக்ஸ், குலிக் ஆகிய முகாம்கள் பிற்காலத்தில் புகழ்பெற்ற விடுதிகளாக வளர்ந்தன. அவரைத் தொடர்ந்து இலியம்னா ஏரியைச் சுற்றியும், நுஷகாக், அலக்நாக், நாக்நெக் ஆறுகளின் கரைகளிலும், அமெரிக்காவின் மாநிலப் பூங்காக்களில் மிகப் பெரியதான வுட்-டிக்சிக் பூங்காவின் ஏரிகளிலும் பலர் விடுதிகளைத் தொடங்கினார்கள்.

இவர்களில் ஒருசாரார் விடுதியின் வாசலிலேயே ஓடும் ஆற்றை நம்பியவர்கள். மற்றொரு சாரார் காலையில் விருந்தினரை விமானத்தில் ஏற்றி, அன்றைய வானிலைக்கும் மீன்வரவுக்கும் ஏற்ற ஓடையில் வழிகாட்டியோடு இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப அழைத்துவரும் முறையைப் பின்பற்றுபவர்கள். இரண்டாம் முறைக்குச் செலவு மிகுதி. எனினும் பிரிஸ்டல் விரிகுடாவின் உண்மையான பரப்பை, அதாவது பள்ளத்தாக்குக்கு ஒன்றாகப் பிரிந்து தனித்தனி இயல்புகொண்ட நூற்றுக்கணக்கான ஓடைகளை, ஒருவர் உணர்வதற்கு அந்த வான்வழிப் பார்வைக்கு ஈடில்லை. தாழ்ந்த மேகமும் கடல்மூடுபனியும் காற்றும் விமானத்தைத் தரையிலேயே கட்டிப்போடும் நாள்கள் இங்கே சாதாரணம். அத்தகைய நாளில் காத்திருப்பதைத் தவிர வேறு வழி எவருக்கும் இல்லை. ஜூன் மாதத்தில் பகல்வெளிச்சம் 18 மணி நேரத்துக்கும் மேல் நீடிப்பதால் மீன்பிடிக்க நேரப் பஞ்சம் ஏற்படுவதில்லை. கொசுக்களுக்கும் கண்ணுக்கு எளிதில் தென்படாத கடிப்பூச்சிகளுக்கும் அந்த நீண்ட பகல் பொருந்துவதால், தலையையும் முகத்தையும் மூடும் வலைத்துணி மழைச்சட்டைக்கு அடுத்த கட்டாயத் தேவையாகிறது.

மீனின் வாழ்வும் தூண்டிலின் நுட்பமும்

நன்னீரில் பிறந்து, கடலில் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்காக மீண்டும் நன்னீருக்கு ஏறிவரும் மீன்களை ஆறேறு மீன்கள் என்ற வகையில் உயிரியலாளர் சேர்ப்பர். ஒருகாலத்தில் வங்கக்கடலிலிருந்து கொள்ளிடத்திலும் காவிரியிலும் ஏறிவந்த உல்லம், வங்காளத்தார் இலிஷ் என்று கொண்டாடும் மீன், இவ்வகையைச் சேர்ந்ததே. அணைகள் வழியை மறித்தபின் காவிரியில் அதன் ஏற்றம் ஒடுங்கிப்போனது. பிரிஸ்டல் விரிகுடாவில் கலக்கும் பேராறுகளின் குறுக்கே அணை எதுவும் இல்லை என்பது, அங்குள்ள மீன்வளத்தைப் புரிந்துகொள்வதற்கு முதலில் அறியவேண்டிய செய்தி.

பெண் சாக்கை, கூழாங்கற்கள் நிறைந்த நீரடியில் உடலைச் சாய்த்து வாலால் அடித்துக் குழி பறித்து, சுமார் 3,000 முதல் 4,000 முட்டைகளைச் சில குழிகளில் பகிர்ந்து இட்டு, ஆண் மீன் அவற்றைக் கருவூட்டியபின் மீண்டும் கற்களால் மூடுகிறது. குளிர்காலத்தில் பொரியும் குஞ்சுகள், வயிற்றோடு ஒட்டிய மஞ்சள்கருப் பையிலிருந்து உணவு பெற்றபடி கற்களுக்கிடையே தங்கியிருந்து, வசந்தத்தில் வெளிவருகின்றன. பிற சால்மன் இனங்களிலிருந்து சாக்கை வேறுபடுவது இதற்கடுத்த கட்டத்தில்: அதன் குஞ்சுகள் பெரும்பாலும் ஓர் ஏரியை அடைந்து, ஓரிரு ஆண்டுகள் அங்குள்ள நுண்ணிய மிதவையுயிர்களைத் தின்று வளர்கின்றன. ஆகவே பெரிய ஏரிகள் உள்ள இடத்தில்தான் சாக்கை பெருகும். சுமார் 120 கிலோமீட்டர் நீளமுள்ள இலியம்னா ஏரியும், நாக்நெக், பெச்சரோஃப் முதலிய ஏரிகளும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பதே இவ்விரிகுடாவின் செழிப்புக்கு இயற்கை இட்ட அடித்தளம். பின்னர் சாக்கை, உப்புநீரைத் தாங்குமாறு உடல் மாறி, வெள்ளி நிறம் பூண்டு, கடலுக்கு இறங்கி, இரண்டு மூன்று ஆண்டுகள் வடபசிபிக்கில் மேய்ந்து, தான் பிறந்த அதே நீரோடைக்குத் திரும்புகிறது. கடற்பரப்பில் புவியின் காந்தப்புலமும், கழிமுகத்தை நெருங்கியபின் பிறந்த ஓடையின் மணமும் அதற்கு வழிகாட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மணத்தின் பங்கை 1950-களில் ஆர்தர் ஹாஸ்லர் தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவத் தொடங்கினார்கள்.

நன்னீரில் நுழைந்தபின் சால்மன் உணவு கொள்வதில்லை. உடலின் கொழுப்பையும் தசையையும் எரித்தே அது ஆற்றோட்டத்தை எதிர்த்து ஏறுகிறது. கடலில் சிறு இறால் போன்ற உயிரிகளைத் தின்றதால் தசையில் சேர்ந்த செந்நிறமி, இனப்பெருக்கக் காலத்தில் தோலுக்கு இடம்பெயர்வதால் மீன் வெளியே சிவந்தும் உள்ளே வெளுத்தும் போகிறது. முட்டையிட்டுச் சில நாள்களிலோ வாரங்களிலோ அது இறந்துவிடும், விதிவிலக்கு இல்லை. உண்ணாத மீன் தூண்டிலை ஏன் கவ்வுகிறது என்ற கேள்விக்கு, எரிச்சலாலோ கடல்வாழ்க்கையின் எஞ்சிய பழக்கத்தாலோ கவ்வுகிறது என்பதுதான் தூண்டிற்காரர்கள் தரும் விளக்கம்.

இங்கு வரும் ஐந்து சால்மன் இனங்களும் தூண்டிலுக்கு ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. முதலில் வருவதும் உருவில் மிகப் பெரியதும் கிங் சால்மன். 1985-இல் அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் தூண்டிலில் அகப்பட்ட ஒரு கிங் 44 கிலோ எடை இருந்தது. அடுத்து வரும் சாக்கை மிதவையுயிர்களைத் தின்று வளர்ந்தது என்பதால் பொய்யிரையை அரிதாகவே விரும்பிக் கவ்வும்; கூட்டமாக நகரும் அதன் திறந்த வாயினூடே தூண்டில் நரம்பு குறுக்கே ஓடி, முள் வாயோரத்தில் தைப்பதே பெரும்பாலும் நிகழ்கிறது. இது நேர்மையான தூண்டில்முறைதானா என்பது அங்குள்ளவர்களிடையே தீராத விவாதம். வாயைத் தவிர உடலின் வேறிடத்தில் முள் தைத்த மீனை நன்னீரில் உடனே விட்டுவிட வேண்டும் என்று அலாஸ்காவின் விதி கட்டளையிடுகிறது. சம் சால்மன் ஜூலையிலும், பிங்க் சால்மன் இப்பகுதியில் பெரும்பாலும் இரட்டைப்படை ஆண்டுகளிலும் வருகின்றன. ஆகஸ்டில் வரும் கோஹோ, துள்ளியெழுந்து இரையைத் துரத்தும் குணத்தால் தேர்ந்த தூண்டிற்காரரின் அன்புக்குரியதாகிறது.

இவ்விடுதிகளில் பெரிதும் மதிக்கப்படுவது ஃப்ளை ஃபிஷிங் எனப்படும் பொய்ப்பூச்சித் தூண்டில். இறகும் நூலும் மயிரும் முள்ளின்மேல் கட்டி உருவாக்கப்படும் இரைக்கு எடை மிகக் குறைவு என்பதால், இரையை எறிவதற்குப் பதிலாக, தடித்த கனமான தூண்டிற்கயிற்றைக் கோலின் வளைவால் முன்னும் பின்னும் வீசி, அதன் வேகத்தில் இரையைக் கொண்டுசேர்ப்பதே இம்முறையின் சாரம். மார்புவரை உயரும் நீர்புகா உடையோடு ஆற்றில் இறங்கி நின்றே இதைச் செய்ய வேண்டும். வழுக்காதிருப்பதற்காக முன்னர் அணியப்பட்ட கம்பளிமெத்தை அடிகொண்ட காலணிகளை, ஒரு நீர்நிலையின் நோய்க்கிருமிகளையும் பாசிகளையும் மற்றொன்றுக்குச் சுமந்துசெல்லும் என்பதால், அலாஸ்கா 2012 முதல் நன்னீர் மீன்பிடிப்பில் தடைசெய்துள்ளது.

சால்மனைப் பின்தொடர்ந்து அதன் சினைமுட்டைகளையும், பிறகு இறந்த உடலின் சதைத்துணுக்குகளையும் தின்று கொழுக்கும் ரெயின்போ டிரவுட், இவ்விடுதிகளின் மற்றொரு புகழ். சால்மனின் நெருங்கிய உறவினமான இதே ரெயின்போ டிரவுட்தான், 1907-இல் தொடங்கப்பட்ட அவலாஞ்சி பொரிப்பகத்தின் வழியாக நீலகிரி ஓடைகளில் குடியேற்றப்பட்டது. பிரிஸ்டல் விரிகுடாவில் டிரவுட்டைப் பிடிப்போர் பெரும்பாலும் அதை உடனே ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். முனையில் பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கி நீக்கப்பட்ட முள்ளைப் பயன்படுத்துவதும், மீனை நீரைவிட்டு உயர்த்தாமலே விடுவிப்பதும், படத்துக்காக நெடுநேரம் கையில் ஏந்தாதிருப்பதும் நல்ல வழிகாட்டி கற்றுக்கொடுக்கும் முதல் ஒழுக்கங்கள். உணவுக்கு அனுமதிக்கப்பட்ட சால்மனை மட்டும் துண்டுபோட்டு, காற்று நீக்கிய உறைகளில் அடைத்து, உறையவைத்து, ஊர் திரும்பும் விருந்தினரிடம் பெட்டியில் தருகிறார்கள்.

விட்டுவைத்தலின் கணக்கு

இவ்வளவு மீன் இங்கே எப்போதும் இருந்துவிடவில்லை. 1884-இல் நுஷகாக் ஆற்றின் முகத்துவாரத்தில் இவ்விரிகுடாவின் முதல் டின் மீன் ஆலை இயங்கத் தொடங்கியபின், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கப்பல்களில் வந்த ஆலைக்காரரும் மீனவரும், தொடக்கத்தில் சீனத் தொழிலாளரும் பின்னர் ஃபிலிப்பினோத் தொழிலாளரும், கோடைதோறும் இங்கே குவிந்தார்கள். வலைப்படகுகளில் இயந்திரம் பொருத்த 1951 வரை தடை இருந்ததால் பாய்மரப் படகுகளே மீன் பிடித்தன என்றாலும், ஆலைகளின் பசிக்கு அது ஈடுகட்டவில்லை. வாஷிங்டனிலிருந்து நடந்த நிர்வாகம் ஆலை முதலாளிகளின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்தது என்ற கசப்பு அலாஸ்காவில் ஆழமாக வேரூன்றியது. 1953-இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர், சால்மன் வீழ்ச்சியால் அலாஸ்கா மீனவ ஊர்கள் பேரிடருக்கு உள்ளானதாக அறிவிக்க நேர்ந்தது. அலாஸ்கா தனி மாநிலமாக வேண்டும் என்ற கோரிக்கைக்கு இந்த மீன்தான் பெரும் உந்துதல் தந்தது. 1956-இல் ஏற்கப்பட்ட அதன் அரசியலமைப்பு, மீன்வளம் தொடர்விளைச்சல் என்னும் கொள்கைப்படி, அதாவது ஈனும் ஆற்றல் குன்றாத அளவுக்கு மட்டுமே எடுக்கும் முறைப்படி, பேணப்பட வேண்டும் என்று எழுதிவைத்தது. 1959-இல் மாநிலமானவுடன், மீன்களைக் கூட்டங்கூட்டமாக அடைத்துப் பிடித்த நிலைப்பொறிகள் தடைசெய்யப்பட்டன.

இந்தக் கொள்கையை நடைமுறையாக்கும் கருவி மிகவும் எளிமையானது. தெளிந்த நீரோடும் ஆறுகளில், வலைகளின் எல்லையைக் கடந்து மீன்கள் ஏறும் ஓரிடத்தைத் தேர்ந்து, இரு கரைகளிலும் கோபுரம் போன்ற உயர்ந்த மேடைகளை நிறுவி, அவற்றின்மேல் நிற்கும் பணியாளர், கீழே கடந்துபோகும் மீன்களைக் கண்ணால் பார்த்துக் கைக்கருவியில் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒவ்வொரு கரையிலும் 10 நிமிடம் எண்ணி, அதை ஆறால் பெருக்கி அந்த மணி நேரத்தின் கணக்காக எடுத்துக்கொள்கிறார்கள். இரவிலும் விளக்கொளியில் இப்பணி தொடர்கிறது. நுஷகாக் போன்ற அகன்ற, கலங்கல் மிகுந்த ஆற்றில் ஒலியலைக் கருவி இப்பணியைச் செய்கிறது. இவ்வாறு வலைக்குத் தப்பி முட்டையிடும் தலங்களை நோக்கிச் செல்லும் மீன்களின் எண்ணிக்கையே விட்டுவைப்பு. ஒவ்வோர் ஆற்றுக்கும் அதற்கான இலக்கு முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். இலியம்னா ஏரியிலிருந்து இறங்கும் குவிஜாக் ஆற்றுக்கு அந்த இலக்கு 20 லட்சம் முதல் 1 கோடி மீன்கள் வரை.

எண்ணிக்கை இலக்கை நோக்கி ஏறும்போது மாநில மீன்வள உயிரியலாளர்கள் வலைவீச நேரம் திறக்கிறார்கள், தளர்ந்தால் மூடுகிறார்கள். நேரத்திறப்பும் மூடலும் வானொலியில் அறிவிக்கப்படும்போது, கரைக்கு அப்பால் நூற்றுக்கணக்கான படகுகள் இயந்திரத்தை ஓடவிட்டுக் காத்திருக்கும். படகின் நீளம் 32 அடியைத் தாண்டக்கூடாது என்ற விதியும், 1973-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி உரிமங்களின் எண்ணிக்கைக்கு விதிக்கப்பட்ட வரம்பும் மீன்பிடி ஆற்றல் கட்டுக்குள் இருக்க உதவுகின்றன. தூண்டில் விடுதிகளும் இவ்வாணைகளுக்கு உட்பட்டவையே. கிங் சால்மனின் வரவு குறையும் ஆண்டில், ஒரு நாளுக்கு எத்தனை எடுக்கலாம் என்ற வரம்பு பருவத்தின் நடுவிலேயே குறைக்கப்படுவதும், எடுப்பதே நிறுத்தப்படுவதும் உண்டு. முன்பணம் செலுத்தி ஓராண்டு காத்திருந்து வந்த விருந்தினர், பிடித்ததை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்த ஏமாற்றத்தை விடுதிகள் வருத்தத்தோடு சகித்துக்கொள்வதைவிட, தங்கள் தொழிலின் காப்பீடாகக் கருதுவதே பொருத்தமானது. கனடாவுக்குள்ளும் ஓடும் யூக்கான் ஆற்றில் கிங் சால்மன் அழிவை நெருங்கியதால், 2024-இல் இரு நாட்டு அதிகாரிகளும் ஏழாண்டுகளுக்கு அதன் பிடிப்பை முற்றாக நிறுத்த உடன்பட நேர்ந்ததை நினைத்தால், முன்னதாகவே நிறுத்தப்படும் ஒரு வாரத்தின் மதிப்பு விளங்கும்.

விட்டுவைத்த மீன் வீணாவதாக ஆலைகள் ஒருகாலத்தில் வாதிட்டன. அந்த வாதம் எவ்வளவு தவறானது என்பதை ஆற்றங்கரை மண்ணே காட்டுகிறது. சால்மன் தன் எடையின் மிகப் பெரும்பகுதியைக் கடலில் பெறுவதால், அது இறந்து அழுகும்போது கடலின் நைட்ரஜனும் பாஸ்பரசும் மலைநாட்டு ஓடைகளில் கரைகின்றன. கடலிலிருந்து வந்த நைட்ரஜன் கரையோரச் செடிகளின் இலைகளிலும் மரங்களிலும் கண்டறியப்பட்டுள்ளது. கரடி கரையேற்றித் தின்றுவிட்டுப்போன பாதி மீன், ஒரு புதருக்கு உரமாகிறது. அந்த நீரிலேயே அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் உண்ணும் மிதவையுயிர்களும் பெருகுகின்றன.

எண்ணிக்கையைப் போலவே இன்றியமையாதது வேறுபாடு. கரைமணலில் முட்டையிடுவன, வேகமான சிற்றோடையில் முட்டையிடுவன, பேராற்றில் முட்டையிடுவன என்று சாக்கை மீன்கள் நூற்றுக்கணக்கான தனிக்கூட்டங்களாகப் பிரிந்துள்ளன. ஒரு கூட்டத்துக்குப் பாதகமான ஆண்டு மற்றொன்றுக்குச் சாதகமாக அமைவதால் மொத்த வரவு பெரிதும் சரிவதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, பலவகைப் பங்குகளில் பணத்தைப் பிரித்து முதலிடுவதற்கு இணையான இந்த விளைவை எண்களால் நிறுவியது. விமானத்தில் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு ஓடைக்குச் செல்லும் விருந்தினர், தாம் அறியாமலே, அந்த வேறுபாட்டின் பலனை அனுபவிக்கிறார்.

கரடியும் குடிகளும்

கட்மாய் தேசியப் பூங்காவிலுள்ள புரூக்ஸ் ஆறு, இரண்டு ஏரிகளை இணைத்தபடி வெறும் இரண்டரைக் கிலோமீட்டர் தூரமே ஓடுகிறது. அதன் நடுவிலுள்ள சிறு அருவியில், தாவியேறும் சாக்கை மீன்களைக் கவ்வ ஜூலையில் பழுப்புக் கரடிகள் கூடுகின்றன. இலையுதிர்காலத்தில் பெரிய ஆண் கரடிகள் 450 கிலோவுக்கும் மேல் எடை கூடிவிடுகின்றன. குளிர்காலம் முழுவதும் உண்ணாமல் குகையில் கிடக்கும் அவற்றுக்கு இந்தக் கொழுப்பே உயிர்ப்பிடிப்பு. விடுதிக்கு வந்திறங்கும் ஒவ்வொருவரும் முதலில் கரடியோடு ஒரே நிலத்தில் நடந்துகொள்ளும் முறைபற்றிய வகுப்பில் அமர வேண்டும். உணவை வெளியே வைத்திருக்கக்கூடாது. கரடியிடமிருந்து 50 கெஜ இடைவெளி விட வேண்டும். தூண்டிலில் மீன் துள்ளும்போது கரடி நெருங்கினால், நரம்பை அறுத்து மீனைப் போகவிட வேண்டும். மனிதர் கையிலிருந்து மீன் கிடைக்கும் என்று ஒரு கரடி ஒருமுறை கற்றுக்கொண்டால், அது மனிதருக்கும் இறுதியில் அந்தக் கரடிக்கும் ஆபத்தாக முடியும் என்பதே இவ்விதியின் காரணம். மனிதர் வழிவிடுவது எழுதப்பட்ட விதியாக நடைமுறையில் இருக்கும் இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

அதே ஆற்றின் கரைகளில், சுமார் 4,500 ஆண்டுகள் பழமை வரை செல்லும் ஏறத்தாழ 900 குடியிருப்புக் குழிகளைத் தொல்லியலாளர் கண்டறிந்துள்ளனர். மண்ணைத் தோண்டி, மரச்சட்டம் நிறுத்தி, மேலே புல்தரை மூடிய வீடுகளின் தடங்கள் இவை. விடுதியின் முற்றமே ஒரு பழைய ஊர். 1912 ஜூனில் நோவருப்தா எரிமலை, 20-ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்பாக வெடித்தபோது, அருகிலிருந்த சவனோஸ்கி முதலிய ஊர்களின் மக்கள் சாம்பலுக்கு அஞ்சி வெளியேறி, நாக்நெக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் குடியேறினார்கள். 1918-இல் அந்நிலம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே விஷக்காய்ச்சல் விரிகுடா முழுவதும் பரவி, பெற்றோரை இழந்த குழந்தைகளை மட்டும் விட்டுவைத்த ஊர்களை உண்டாக்கியது. பின்னாளில் அங்கே வந்திறங்கிய விமானப் பயணிகள் கண்ட வெறுமைக்கு இத்தகைய வரலாறு உண்டு. அதை இயற்கையின் தொன்மை அமைதி என்று எழுதுவது அறியாமை.

யூப்பிக், டெனாயினா, அலூட்டிக் ஆகிய பழங்குடியினர் இன்றும் இவ்வட்டாரத்தின் ஊர்களில் வாழ்கிறார்கள். கோடையில் குடும்பங்களாக ஆற்றங்கரை மீன்முகாம்களுக்குச் சென்று, வலையில் பிடித்த சால்மனைப் பிறைவடிவக் கத்தியால் வகிர்ந்து, பரண்களில் தொங்கவிட்டு உலர்த்தி, புகைவீட்டில் புகையூட்டிக் குளிர்காலத்துக்குச் சேமிக்கிறார்கள். சந்தைக்கல்லாமல் வீட்டுத் தேவைக்கும் உறவினரோடு பகிர்வதற்கும் செய்யப்படும் இந்த வாழ்வாதாரப் பிடிப்புக்கு, மீன் தட்டுப்பாடான காலத்தில் வணிகப் பிடிப்பையும் தூண்டில் விளையாட்டையும்விட முன்னுரிமை தரச் சட்டம் உள்ளது. புரூக்ஸ் போன்ற இடங்களில், முட்டையிட்டு முடித்துச் சிவந்து மெலிந்த மீன்களை உலர்த்துவதற்காக எடுக்கும் பழைய வழக்கம் பூங்கா விதிகளால் தடைபட்டிருந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலத்தின் வழித்தோன்றல்களுக்கு அந்த உரிமையை மீட்டுத் தந்தது.

சுரங்கமும் வெப்பமும்

இலியம்னா ஏரிக்கு வடக்கே, குவிஜாக், நுஷகாக் ஆகிய இரு ஆறுகளுக்கும் நீரூட்டும் ஓடைகளின் தலைப்பகுதியில், செம்பும் தங்கமும் மாலிப்டினமும் பெருமளவில் புதைந்துள்ளன. பெப்பிள் என்று பெயரிடப்பட்ட சுரங்கத் திட்டம் அங்கே முன்வைக்கப்பட்டபோது, மீன் யாருக்கு உரியது என்று காலங்காலமாகத் தமக்குள் பூசலிட்டுவந்த வலைமீனவரும், விடுதி உரிமையாளரும், பழங்குடி ஊர்மன்றங்களும் ஒரே அணியில் திரண்டார்கள். சால்மனின் மணவுணர்வைச் சிறிதளவு செம்பு கரைந்த நீரே குலைத்துவிடும் என்பதும், சுரங்கக் கழிவைத் தேக்கும் கரைகள் என்றென்றும் உடையாமல் காக்கப்பட வேண்டியிருக்கும் என்பதும் அவர்களது அச்சத்தின் அடிப்படை. 2020 நவம்பரில் ராணுவப் பொறியாளர் படை அனுமதி மறுத்தது. 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, தூய நீர்ச் சட்டத்தின் அரிதாகப் பயன்படும் ஒரு பிரிவின்படி, அந்த ஓடைகளில் சுரங்கக் கழிவைக் கொட்டுவதைத் தடைசெய்தது. அத்தடையை எதிர்த்து வழக்குகள் தொடுக்கப்பட்டன. ஓர் அலுவலகக் கட்டளையில் தொங்கும் பாதுகாப்பு எதிர்காலத்துக்குப் போதாது என்று அப்பகுதி மக்கள் நிரந்தரச் சட்டம் கோருவது நியாயமே.

வெப்பமாதல் இன்னும் சிக்கலான கணக்கு. ஏரிகள் சற்று வெதுவெதுப்பானதால் சாக்கைக் குஞ்சுகள் விரைவாக வளர்வது, அண்மை ஆண்டுகளின் பெருவரவுக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆனால் திரும்பிவரும் மீன்களின் உடல் அளவு பத்தாண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடச் சிறுத்துள்ளது. நுஷகாக்கின் கிங் சால்மன் வரவோ தொடர்ந்து சரிகிறது. விடுதிக்கு வருவோர் கடக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விமானப் பயணமும் அந்த வெப்பத்தில் பங்கு கொண்டது என்பதை மறைப்பதற்கில்லை. விருந்தினர் அரசுக்குச் செலுத்தும் தூண்டில் உரிமக் கட்டணம் மீன்வள நிர்வாகத்துக்கே திரும்புகிறது என்பதும், பெப்பிள் எதிர்ப்பில் அவர்கள் எழுப்பிய குரல் தலைநகரில் கேட்டது என்பதும் மறுபுறத்தில் வைக்கத்தக்கவை.

இன்னும் தீராதது வருவாயின் பங்கீடு. விடுதிகளின் உரிமையாளரும் விமானிகளும் வழிகாட்டிகளும் சமையற்காரரும் பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து கோடைக்கு மட்டும் வந்துசெல்பவர்கள். ஆண்டு முழுவதும் அங்கே வாழும் குடும்பங்கள், எரிபொருளும் மளிகையும் விமானத்திலும் சரக்குப் படகிலும் வருவதால் ஏறிய விலையைச் சுமந்துகொண்டு, தங்கள் ஆற்றில் பிறர் நடத்தும் விடுமுறையைக் கரையிலிருந்து பார்க்க நேர்கிறது. இந்நிலையை மாற்றுவதற்காக, உள்ளூர்ப் பழங்குடி அமைப்புகளும் தூண்டில் அமைப்புகளும் விடுதிக்காரர்களும் சேர்ந்து, வட்டார ஊர்களின் இளைஞர்களுக்குப் பொய்ப்பூச்சி கட்டுதல், கோல் வீசுதல், ஆற்றைப் படித்தல், விருந்தினரை நடத்துதல் ஆகியவற்றைக் கற்றுத்தரும் வழிகாட்டிப் பயிற்சி முகாம்களைக் கோடையில் நடத்திவருகிறார்கள். மீன் எந்த வளைவில் தங்கும், எந்தக் காற்றில் நகரும் என்பதைப் பாட்டன் பாட்டியிடமிருந்து முன்பே அறிந்துள்ள இவர்களுக்குக் கற்க வேண்டியது தூண்டிற்கோலின் நுட்பம் மட்டுமே. பயிற்சி பெற்ற சிலர் விடுதிகளில் வேலைக்கும் சேர்ந்துள்ளனர். இன்னும் பலரை, அவர்கள் பிறந்து வளர்ந்த ஆற்றிலேயே, வழிகாட்டிகளாகவும் பின்னர் விடுதி உரிமையாளர்களாகவும் ஏற்பது இத்தொழிலை நடத்துவோர் உடனடியாகச் செய்யக்கூடிய காரியம்.